நிறுத்தும் நாள்

கேரட் பிடுங்க இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.
பதின்மூன்றாம் நாள் கிழங்கு வெடிக்கும்;
வெடித்ததை மாட்டுக்குத்தான் கேட்பார்கள்.
அதற்குள் ஏதோ ஒரு காலையில்
ஆள் சொல்லி, லாரி சொல்லி,
"இன்று" என்று நான் சொல்ல வேண்டும்.
ஒரே ஒரு முறை.

மேட்டுப்பாளையத்து விலை
தினமும் ஆறு மணிக்குப் போனில் வருகிறது.
முந்தாநாள் முப்பத்தொன்பது. நேற்று முப்பத்தாறு.
குடிகாரன் நடை என்று
புள்ளியியல் வகுப்பில் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம்.
கேத்திப் பாலாடாவில்
இரண்டு ஏக்கர் குத்தகைக்காரிக்கு
அவன் எந்தப் பக்கம் விழுவான் என்பது
வேறு விஷயம்.

உரச் சீட்டின் பின்பக்கம் கட்டம் போட்டேன்.
தெளிந்த இரவுக்குப் பின் தெளிந்த இரவு: பத்தில் ஆறு.
தெளிந்த இரவுக்குப் பின் மூட்டம்: பத்தில் நான்கு.
தெளிந்தால்தான் பனி உறையும்.
நட்சத்திரம் நன்றாகத் தெரியும் இரவில்
இந்தப் பள்ளத்தில் யாரும் நன்றாகத் தூங்குவதில்லை.
வானத்துக்கு நேற்று மட்டும் ஞாபகம்,
முந்தாநாளைக் கேட்காது
என்று வைத்துக்கொண்டால் கணக்கு நடக்கிறது.

காட்டெருமையைத்தான் கட்டத்தில் அடைக்க முடியவில்லை.
வலது கொம்பு முறிந்தது ஒன்று.
போன வருஷம் வேலியில் எங்கே இடைவெளி இருந்ததோ
அங்கேயே இந்த மார்கழியும் வந்து நிற்கிறது.
அதற்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

கணக்கைக் கடைசி நாளிலிருந்து தொடங்க வேண்டும்.
பன்னிரண்டாம் நாள், என்ன விலையானாலும் கொடு.
பதினோராம் நாள், நாளை எதிர்பார்ப்பதைவிட
இன்று அதிகமென்றால் கொடு.
கொண்டை ஊசி வளைவில்
எதிர்வண்டிக்கு வழிவிடும் லாரியைப்போல
பின்னாலேயே வந்து வந்து
ஏழாம் நாளில் நின்றேன்.
அன்றைய எல்லைக்கோடு: நாற்பத்திரண்டு.

ஏழாம் நாள் போன் வந்தது.
நாற்பத்தொன்று.

"குடுத்துரலாம்க்கா" என்றான் ஜோகி,
கேரட் கழுவும் மெஷினில் சாய்ந்துகொண்டு.
"ஒரு ரூபாதானே."
ஒரு ரூபாய் விட்டுக்கொடுக்கும் கோடு கோடாகுமா?
"இல்லை" என்றேன்.

அன்றிரவு வானத்தில் ஒரு நட்சத்திரம் பாக்கியில்லை.
விடிந்தபோது வரப்பெல்லாம் உப்பு.
வெயில் ஏறத் தழை கறுத்தது.
எட்டாம் நாள் இருபத்தொன்பது;
கர்நாடகா லோடு இறங்கிவிட்டதாம்.
ஒன்பதாம் நாள் இருபத்தாறு,
தழை கருகியதற்கு அதிலும் மூன்று கழிவு.
கோடும் அதற்குக் கீழே போயிருந்தது.
"இன்று" என்றேன்.
ஜோகி ஒன்றும் சொல்லாமல் சாக்கை உதறினான்.

கணக்கைத் திரும்பப் பார்த்தேன். தப்பில்லை.
அதுதான் மூன்று நாள் தூக்கத்தைக் கெடுத்தது.
ஆயிரம் வயலில், ஆயிரம் மார்கழியில்
இதே விதிப்படி காத்திருக்கும் ஒருத்திக்குச்
சராசரி நன்றாகவே வரும்.
அவள் எந்த ஊர்,
அவளிடம் கைமாற்று கேட்கலாமா
என்று யோசித்தபடி
குத்தகைப் பணத்தை இரண்டு முறை எண்ணினேன்.
இரண்டு முறையும் குறைந்தது.

எதைப் பெரிதாக்க வேண்டும் என்று எழுதும் முதல் வரியில்
"வரவு" என்று எழுதியிருந்தேன்.
அடித்தேன்.
"அடுத்த விதைக்குப் பணம் மிஞ்சும் வாய்ப்பு" என்று எழுதினேன்.
பனி அதே பனி, விலை அதே தள்ளாட்டம்.
கோடு மட்டும் தானாக இறங்கி
ஏழாம் நாளுக்கு முப்பத்தாறில் உட்கார்ந்தது.

ஜோகியிடம் காட்டினேன்.
"இதைத்தானே அன்னைக்குச் சொன்னேன்."
இதை இல்லை என்று விளக்க ஆரம்பித்து
பாதியில் விட்டேன்.
விதை வந்திருந்தது, இறக்க வேண்டும்.

வேலியின் இடைவெளியையும் அடைத்தோம்.
இரவு அந்த ஒற்றைக் கொம்பு வந்தது,
பழைய இடத்தில் முகத்தை வைத்து நின்றது.
பிறகு இடப்பக்கம் திரும்பி
நடக்க ஆரம்பித்தது,
ஒவ்வொரு கம்பமாக
முகர்ந்துகொண்டு.